கார் மீட்டர் போர்டுக்கு எல்இடி: பத்து பல்பு பாக்கெட்டில் நாலு போதும்

கார் அக்சசரீஸ் கடைகளில் ஜிப் கவரில் தொங்கும் டி10 அளவு எல்இடி பல்பு பாக்கெட்டைப் பற்றியது இந்த விமர்சனம். உள்ளே பத்து பல்பு, ஒவ்வொன்றிலும் ஐந்து மஞ்சள் சதுரம். கவரில் '12 வோல்ட்' என்று அச்சிட்டிருக்கும், கம்பெனிப் பெயர் இருக்காது. பழைய வண்டியின் மீட்டரில் மங்கிப்போன குண்டு பல்புக்குப் பதிலாக இதைப் போடலாமா என்றால், போடலாம். பாக்கெட்டில் பத்து இருக்கிறதே என்று பத்து ஓட்டையிலும் மாட்டினால்தான் வம்பு. மீட்டரின் முகத்துக்கு வெளிச்சம் தரும் மூன்று, நான்கு இடங்களில் மட்டும் போட வேண்டும். சிவப்பு, பச்சை, நீல எச்சரிக்கை விளக்குகளில் கை வைக்காமல் இருப்பது நல்லது. அதிலும் பேட்டரி லைட்டைத் தொடவே கூடாது. காரணம் கீழே வருகிறது.

மாருதி 800, ஆம்னி, பழைய ஜென், எஸ்டீம், அம்பாசடர், பத்மினி மாதிரி பல்பைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய வண்டிகளுக்குத்தான் இது பொருந்தும். பிந்தைய வண்டிகள் பலவற்றில் மீட்டர் விளக்கும் எல்இடியாகவே பலகையில் பற்றவைத்து வருகிறது. அங்கே இந்தப் பாக்கெட்டுக்கு வேலை இல்லை. ஏர்பேக் உள்ள வண்டியில் அந்த எச்சரிக்கை விளக்கோடு விளையாடவும் கூடாது.

செட்டிநாட்டில் முதல் வகை வண்டிக்குப் பஞ்சமில்லை. மாருதி 800, அம்பாசடர் இரண்டின் தயாரிப்பும் 2014-லேயே நின்றுவிட்டது. ஆனால் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் பூட்டிய வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நின்று, படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) அறுபது, எண்பது வயதுச் சாந்திக்கும் மட்டும் வெளியே வருகிற வண்டிகள் இன்னும் இருக்கின்றன. வருஷத்தில் பத்து நாள் ஓடுகிற வண்டியின் மீட்டர் மங்குவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் பல்பு இல்லை. ஹோல்டரின் பித்தளைக் காலில் பச்சை பூத்திருக்கும். மீட்டரின் பின்பக்கம் வயருக்குப் பதிலாக இருக்கும் பிளாஸ்டிக் பிலிமில் செம்புக்கோடு கறுத்திருக்கும். கூட்டுக்குள் அடித்த வெள்ளை பெயின்ட் பழுத்து மஞ்சளாகியிருக்கும். எல்இடி போட்டவுடன் "அடடா, என்ன வெளிச்சம்" என்று தோன்றுவதில் பாதி, கழற்றிய கையோடு இதையெல்லாம் துடைத்ததால் வந்தது. அந்தப் பாதிக்குக் காசு கிடையாது.

இனி பல்பு. டி10, டி5 என்பதில் உள்ள எண் கண்ணாடியின் குறுக்களவு, மில்லிமீட்டரில். மீட்டர் முகத்துக்கு வருவது பெரும்பாலும் டி10, 3 வாட் அளவு. எச்சரிக்கை விளக்குகளுக்கும் ஏசி, ஹீட்டர் குமிழ்களுக்கும் வருவது பெரும்பாலும் டி5, 1.2 வாட். அம்பாசடரிலும் பத்மினியிலும் திருகு அடி, பயனெட் அடி (அழுத்தித் திருப்பிப் பூட்டுவது) என்று மாடலுக்கு மாடல் மாறும். கடைக்குப் போகும்போது பழைய பல்பு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவதே உத்தமம். வாயால் சொல்லி வாங்கினால் இரண்டாவது தடவை போக வேண்டிவரும்.

இந்த டி10-இல் உள்ள ஒவ்வொரு சதுரமும் 5050 வகை எல்இடி. 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர். ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று சிப் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இருக்கிறது. ஒரு வெள்ளை சிப் சுமார் 3.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மூன்றுக்கும் சேர்த்து 9.6. மிச்ச வோல்டேஜைத் தாங்குவது ஒரு குட்டி ரெசிஸ்டர் (மின்தடை), அவ்வளவுதான். எஞ்சின் ஓடாதபோது பேட்டரி 12.5 வோல்ட் என்றால் ரெசிஸ்டரின் பங்கு 2.9. எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் (வண்டியின் ஜெனரேட்டர்) 14.4 கொடுக்கும்போது அது 4.8 ஆகிவிடுகிறது. பேட்டரி வோல்டேஜ் ஏறியது 15 சதவீதம், ரெசிஸ்டரின் பங்கைப் பொறுத்து எல்இடிக்குள் ஓடும் மின்னோட்டம் ஏறியதோ 65 சதவீதம். கடை மேஜையில் பேட்டரி வைத்துக் காட்டும்போது அழகாக எரிந்த பல்பு, ரோட்டில் இரண்டே மாதத்தில் கறுத்துப்போவது இதனால்தான்.

அதனால் பாக்கெட்டை வாங்கும் முன் செல்போன் கேமராவில் பெரிதாக்கி, ரெசிஸ்டர் மேல் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். '151' என்றால் 150 ஓம். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு சதுரத்திலும் சுமார் 32 மில்லி ஆம்பியர் போகும். இந்த சிப்புகளுக்கு 20-தான் வழக்கமான எல்லை. '221' என்றால் 220 ஓம், சுமார் 22 மில்லி ஆம்பியர், ஒப்பேற்றலாம். '331' என்றால் 330 ஓம், 14 அல்லது 15 மில்லி ஆம்பியர். மீட்டருக்குச் சரியானது இதுதான். ஒரே தொங்கலில் 151 ஒரு கவரிலும் 331 அடுத்த கவரிலும் இருக்கலாம், விலை ஒன்றாகவே இருக்கும். பளிச்சென்று எரிவதைத் தேடி எடுக்கிறவர்தான் இங்கே ஏமாறுகிறவர்.

வெளிச்சம் குறைந்த 331-ஐச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு: டிம்மர். பழைய வண்டியில் மீட்டர் வெளிச்சத்தைக் குறைக்கும் குமிழ் ஒரு சுருள்கம்பி ரெசிஸ்டர்தான். நான்கு 3 வாட் குண்டு பல்பு சேர்ந்து ஓர் ஆம்பியர் இழுக்கும், மொத்தத் தடை 12 ஓம். குமிழில் 10 ஓம் சேர்ந்தால் பல்புக்குப் போகும் வோல்டேஜ் ஏறத்தாழ பாதியாகும், குண்டு பல்பின் வெளிச்சமோ பத்தில் ஒரு பங்காக விழுந்துவிடும். அதே இடத்தில் 221 போட்ட நான்கு எல்இடி இருந்தால், அதே 10 ஓமுக்கு வெளிச்சம் பாதிதான் குறையும். கண்ணுக்கு அந்தப் பாதி பெரிதாகத் தெரியாது. குமிழைக் கடைசிவரை திருகினாலும் "கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு" என்பதோடு சரி. டிம்மர் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்ற வேண்டாம், அது ஒழுங்காகத்தான் இருக்கிறது. எல்இடிக்கென்று பல்ஸ் முறையில் குறைக்கும் டிம்மர் தனியாகக் கிடைக்கும். நான்கு பல்புக்காக அதை வாங்குவது வீண். முதலிலேயே மங்கலான பல்பாக எடுத்துவிட்டால் தீர்ந்தது.

நிறம் என்ற இடத்தில் ஆசை புகுந்துவிடுகிறது. ஐஸ் புளூ போட்டால் பகலில் கடை வாசலில் பார்க்க ஜோராக இருக்கும். தெருவிளக்கில்லாத சாலையில் ராத்திரி ஓட்டும்போது அந்த நீலம் கண்ணாடியில் பிரதிபலித்து, எதிரே மாடு நிற்பது தெரியாமல் செய்யும். திருமயம் தாண்டி இருட்டில் வருகிறவர்களுக்கு வார்ம் வொயிட் அல்லது பச்சைதான் தோது. அதற்கு முன் மீட்டருக்குள் ஏற்கெனவே நிற வடிகட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில வண்டிகளில் குண்டு பல்பின் தலையில் பச்சை அல்லது நீல ரப்பர் தொப்பி இருக்கும். அது எல்இடி மேல் உட்காராது, உட்கார்ந்தாலும் வெளிச்சத்தை விழுங்கிவிடும். தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த நிறத்திலேயே எல்இடி வாங்க வேண்டும். சிலவற்றில் டயலின் பின்பக்கமே பச்சை அடித்திருக்கும். அங்கே பச்சை அல்லது வெள்ளை போடலாம். சிவப்பு போட்டால் டயல் இருண்டே கிடக்கும், ஏனென்றால் பச்சை வடிகட்டி சிவப்பை விடாது.

இன்னொன்று, குண்டு பல்பு எல்லாப் பக்கமும் எரியும், எல்இடிக்கு முகம் உண்டு. தலையில் மட்டும் ஒரே ஒரு சிப் உள்ள பல்பைப் போட்டால் 60 கிலோமீட்டர் எண் மேல் நிலா மாதிரி ஒரு வட்டம் விழும், 20-உம் 120-உம் இருட்டில் நிற்கும். நான்கு பக்கமும் நான்கு, தலையில் ஒன்று என்று ஐந்து சதுரம் உள்ள இந்த வகை அந்த விஷயத்தில் தேவலை. மீட்டர்க் கூடு வெளிச்சத்தைச் சுவரில் மோதவிட்டுப் பரப்புகிற அமைப்பு, அதற்குப் பக்கவாட்டுச் சிப்புகள்தான் உதவும். இந்தப் பாக்கெட்டுக்கு முழு மதிப்பெண் தரக்கூடிய ஒரே இடம் இது. கூட்டுக்குள் வெளிச்சம் பரவட்டும் என்று வெள்ளித்தாள் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பின்பக்க செம்புக்கோட்டைத் தொட்டால் ஷார்ட்.

இப்போது பேட்டரி லைட். சாவி போட்டதும் சிவப்பாக எரிந்து, வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைகிற விளக்கு. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இது தகவல் சொல்லும் விளக்கு மட்டும் இல்லை. இந்த பல்பு வழியாகப் போகிற மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டருக்கு முதல் காந்தத்தைக் கொடுத்து, அதை மின்சாரம் உண்டாக்கத் தூண்டுகிறது. அங்கே 3 வாட் பல்பு இருந்தால் கால் ஆம்பியர் விடும். எல்இடி விடுவது அதில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது, திருப்பி மாட்டிவிட்டால் சுத்தமாக எதுவும் போகாது. பிறகு ஐடிலில் சார்ஜ் ஏறாது. ஒருமுறை நன்றாக ரேஸ் கொடுத்தால் ஏறலாம், ஏறாமலும் போகலாம். இரண்டு நாளில் பேட்டரி இறங்கும், பழி பேட்டரி மேல் விழும், புது பேட்டரியும் வாங்கியாகிவிடும். பேட்டரி ஆராய்ச்சியும் நடக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிற காரைக்குடியில் 3 வாட் பல்பால் பேட்டரி செத்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். சில ஆல்டர்னேட்டர் வண்டிகளில் பல்புக்கு இணையாக ரெசிஸ்டர் ஒன்று முன்பே இருக்கும், அங்கே தப்பிக்கலாம். இருக்கிறதா என்று தேடுவதைவிட அந்த ஒரு குண்டு பல்பை விட்டுவிடுவது சுலபம். 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இணையாகப் போட்டுச் சரிசெய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் அது 3 வாட் சூட்டைக் கக்கும். பழுத்த பிளாஸ்டிக்குக்குப் பின்னால் அதைக் கட்டித் தொங்கவிடுவது புத்திசாலித்தனமான வேலை இல்லை.

மற்ற எச்சரிக்கை விளக்குகளைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு பக்க இண்டிகேட்டருக்கும் ஒரே அம்புக்குறி விளக்கு உள்ள வண்டியில், அந்த பல்பு இடது, வலது வயர்களுக்கு நடுவில் பாலம் போல நிற்கும். மின்னோட்டம் ஒரு நேரம் இந்தப் பக்கமிருந்தும் ஒரு நேரம் அந்தப் பக்கமிருந்தும் வரும். சாதா எல்இடி ஒரு பக்கத்துக்குத்தான் எரியும். எரிபொருள் குறைவு விளக்கு சில வண்டிகளில் டேங்கில் உள்ள தெர்மிஸ்டரோடு (சூட்டுக்கேற்ப மாறும் மின்தடை) தொடராக இருக்கும். பல்பின் மின்னோட்டத்தால் தெர்மிஸ்டர் சூடேறினால்தான் அது வேலை செய்யும், எல்இடி அந்தச் சூட்டைத் தராது. ஹை பீம் நீலம் எல்இடியில் கண்ணைக் குத்தும். ஆயில் லைட்டில் போட்டால் எரியும், ஆனால் பெயரில்லாத பல்பை நம்பி எஞ்சினை ஒப்படைக்க என்ன அவசியம்?

வேலைக்கு வேண்டியவை: 10-ஆம் நம்பர் ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் நீளம் ஒன்று குட்டை ஒன்று, பென்சில் ரப்பர், காண்டாக்ட் கிளீனர் அல்லது ஐசோபுரோபைல் ஆல்கஹால், பழைய துண்டு, உபரியாக இரண்டு ஹோல்டர், ஸ்க்ரூ போட ஒரு எவர்சில்வர் தட்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் வண்டியை நிறுத்தி இந்த வேலையைச் செய்ய வேண்டாம். குட்டி ஸ்க்ரூ ஒன்று விழுந்தால் அந்தப் பூவேலைப்பாட்டில் தேடி எடுக்க ராத்திரியாகும். சாயங்காலம் நான்கரைக்குத் தொடங்கினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சோதிக்கும் கட்டம் வந்துவிடும், அப்போதுதான் வெளிச்சம் சரியா என்று தெரியும். உச்சி வெயிலில் நின்ற வண்டியின் டேஷ்போர்டை உடனே தொடாதீர்கள். சூட்டில் இளகிய கிளிப் வளைந்தால் பிறகு பிடிக்காது.

பேட்டரியில் எர்த் வயரை முதலில் கழற்றுங்கள். மீட்டரின் மேல் உதட்டுக்கு அடியிலும் பக்கங்களிலும் உள்ள ஸ்க்ரூவை எடுத்து, முகமூடியைத் தளர்த்துங்கள். வராவிட்டால் இழுக்காதீர்கள், எங்கோ ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். மீட்டரை ஒரு சாண் மட்டும் முன்னால் கொண்டுவந்து, பின்னால் கையை விட்டு ஸ்பீடோ கேபிளின் பூட்டை அழுத்தி விடுவியுங்கள். அதை மறந்து இழுத்தால் மீட்டரின் கழுத்து உடையும். ஒரே மாதிரி இரண்டு சாக்கெட் இருந்தால் ஒன்றில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். வயரைத் தொடும்போது அதன் தோலையும் பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் எலி கடித்த வயர் இருக்க வாய்ப்பு அதிகம், அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது.

மீட்டரைத் துண்டின் மேல் குப்புற வையுங்கள். முன் கண்ணாடியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, முள்ளை இழுக்கவே கூடாது. பின்பக்கம் ஒவ்வொரு ஹோல்டரும் இடப்பக்கம் கால் சுற்று திருகினால் வரும். பழைய பிலிம் ஹோல்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தால், நகத்தால் பிலிமை அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகுங்கள். செம்புக்கோடு கிழிந்தால் அதைப் பற்றவைப்பது பெரிய தலைவலி, பிலிம் உருகிவிடும். ஹோல்டரின் கால் தொடுகிற செம்பு வட்டத்தைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, கிளீனரால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம்.

எல்இடியின் கால் மெல்லிய கம்பி. குண்டு பல்பின் கண்ணாடி அடிக்குப் பழகி விரிந்துபோன ஹோல்டரில் அது தொளதொளவென்று நிற்கும். மாட்டும் முன் ஹோல்டரின் பித்தளை நாக்கைக் கொஞ்சம் உள்பக்கம் வளைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் மூடினால், முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே மீட்டர் கண் சிமிட்டும். எல்லாம் மாட்டிய பிறகு சாக்கெட்டுகளை மட்டும் செருகி, எர்த்தைக் கொடுத்து, பார்க் லைட் சுவிட்சைப் போடுங்கள். எரியாத பல்பு கெட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். எல்இடிக்கு பிளஸ், மைனஸ் திசை உண்டு. லைட்டை அணைத்துவிட்டு, ஹோல்டரை எடுத்து, பல்பை 180 டிகிரி திருப்பி மாட்டினால் எரியும். லைட்டை அணைக்காமல் ஹோல்டரைத் திருகினால் அதன் கால், பக்கத்தில் உள்ள செம்புக்கோட்டில் உரசி பியூஸ் போகும். திருகு அடி, பயனெட் அடிகளில் இப்படித் திருப்பி மாட்ட முடியாது. அதனால் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு சேர்ந்த) வண்டியாக இருந்தால், இரு திசையிலும் எரியும் வகை என்று கேட்டே வாங்க வேண்டும்.

பியூஸ் பற்றி ஒரு வார்த்தை. பல வண்டிகளில் மீட்டர் வெளிச்சமும் பின் டெயில் லைட்டும் ஒரே பியூஸில் இருக்கும். வேலை முடிந்ததும் முன்னால் மீட்டரைப் பார்த்து ரசித்துவிட்டுக் கிளம்பாமல், பின்னால் போய் டெயில் லைட் எரிகிறதா என்று பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 13.8-இலிருந்து 14.4-க்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பேட்டரி லைட் ஹோல்டர் சரியாக உட்காரவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

இதே தொங்கலில் 'கேன்பஸ்' (பல்பு போய்விட்டதா என்று தானே சோதிக்கிற புது வண்டிகளுக்கானது) என்று எழுதிய பாக்கெட்டும் இருக்கும், விலை கூடுதல். மீட்டருக்கு அது வேண்டாம். அதற்குள் வேண்டுமென்றே மின்சாரம் தின்னும் ரெசிஸ்டர் இருக்கிறது, சூட்டில் ஹோல்டர் இளகும். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் டிரைவர் ஐசி உள்ள வகை ஆயுளில் சிறந்ததுதான். ஆனால் அதில் மட்டமான சரக்கு என்றால் ரேடியோவில் இரைச்சல் போடும். லைட்டைப் போட்டதும் கொடைக்கானல் பண்பலை 100.5-இல் 'உஸ்' என்று கேட்டால் காரணம் அதுதான். ரெசிஸ்டர் மட்டும் உள்ள சாதா பல்பில் இந்தத் தொல்லை கிடையாது.

பாக்கெட்டுக்கு மதிப்பெண் போட்டால், 331 உள்ளதற்கு ஐந்துக்கு மூன்றரை, 151 உள்ளதற்கு ஒன்று. எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் பல்பு விலையைவிடக் கூலி அதிகமாகத்தான் வரும், மீட்டரைக் கழற்றி மாட்டுவதில்தான் நேரம் போகிறது. பத்தில் நான்கு மீட்டருக்குப் போனால் மிச்சம் ஆறு. அதில் இரண்டை உபரிக்கு வைத்துக்கொண்டு, கழற்றிய குண்டு பல்புகளோடு சேர்த்து ஒரு தீப்பெட்டியில் போட்டு டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த தடவை பேட்டரி லைட்டின் குண்டு பல்பு போகும்போது அந்த அளவில் ஒன்று கடையில் கிடைக்காமல் போகலாம்.